அண்ணாந்து குடித்த தண்ணீர்

பயிற்சிக்குப் போகச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது. ஒன்பது வருடமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, இதுவரை ஒரு குடும்பம்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு மேனேஜர் சொல்கிறார்: "ரெண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி. எல்லாரும் கட்டாயம் போவணும். கடைசியில பரீட்சை. பாஸானா குடுக்கிற சர்டிபிகேட் தாள் இல்லாதவங்களுக்கு அடுத்த மாசத்துலேர்ந்து டியூட்டி கெடையாது."

"இன்னா சார், பீ மூத்திரம் அள்றதுக்கும் பரீட்சையா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட கோச்சிக்கினு இன்னாம்மா பண்றது? எனக்கும் சேத்துதான் பரீட்சை" என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தால் என்னைவிட அவர்தான் பயந்திருந்தார்.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு நாள் நான் இல்லையென்றால் டிரைவரய்யாவை யார் பார்ப்பது?

டிரைவரய்யா கல்வராயன் மலைக்காரர். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே வருடக்கணக்கில் பஸ் ஓட்டியவர். அத்தனை வளைவிலும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று அவர் மகள் சொல்லும். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. மனைவி இல்லை. மகள் மலையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை சாமை அரிசியோ, பலாச்சுளையோ எடுத்துக்கொண்டு இறங்கி வரும்.

பக்கவாதம் வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில்தான் பாலும் கஞ்சியும் ஊற்றினார்களாம். அவர் பிடுங்கிப் போட்டார். மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் பிடுங்கினார். கடைசியில், நன்றாக இருந்த இடது கையையும் கட்டிலோடு கட்ட வேண்டியதாகிவிட்டது. எங்களிடம் வந்தபோது குழாய் இல்லை. ஆனாலும் யாராவது மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வந்த நாலு மாதத்தில் அவருக்கு இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டாவது முறை டாக்டர், "இன்னொரு தடவை இப்படி வந்தா குழாய் போட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது டிரைவரய்யா காதிலும் விழுந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னால் தாங்க முடியவில்லை.

"நான் இருக்கிற வரிக்கும் குழாய் வராதுங்க அய்யா" என்றேன். வாய் இருக்கிறதே என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வந்த நாளிலிருந்தே பெரும்பாலும் நான்தான் ஊட்டுவேன், அதற்கப்புறம் சோறு, தண்ணீர் எல்லாம் என் கையால் மட்டும்தான்.

தண்ணீர் கொடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எங்கள் பக்கம் சொம்பில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். அண்ணாந்துதான் குடிப்போம். வாய் வைத்துக் குடிக்கிற பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். இல்லத்திலும் அப்படித்தான், எல்லோருக்கும் பொதுவாக ஒரே சொம்பு. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை ஒரு விரலால் தாங்கி, நூல் மாதிரி ஊற்றுவேன். சட்டையில் ஒரு சொட்டு விழாது. டிரைவரய்யாவும் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்தே பழகியவர். அவருக்குப் புரையேறும்போது உச்சந்தலையில் தட்டி, "மலையில மவ நெனைச்சிக்கினு இருக்குதுங்க" என்பேன். இருமிக்கொண்டே அவர் சிரிப்பார். ஒரு நாளைக்கு நாலைந்து முறை மகள் நினைத்துக்கொண்டிருந்தது.

பயிற்சி நடந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். நாற்பது பேருக்குக் குறையாது. ஊரைச் சுற்றியுள்ள இல்லங்களிலும், வீடுகளிலும், கிளினிக்குகளிலும் வேலை பார்க்கிற பெண்கள். ஆண்கள் நாலு பேர், எல்லோரும் கடைசி வரிசையில். சொல்லிக் கொடுக்க வந்தது சேலம் பக்கத்து நர்ஸ் ஒருத்தி. என்னைவிட பதினைந்து வயதாவது சின்னவளாக இருப்பாள். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். இவள் எத்தனை பேருக்குக் குண்டி கழுவியிருப்பாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

முதலில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். நான் கருணாபுரம் என்றதும் பக்கத்து நாற்காலிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கள்ளச்சாராயம் குடித்து அங்கே அத்தனை பேர் செத்ததற்கு அப்புறம் எங்கள் பகுதியின் பேரைச் சொன்னாலே இந்தப் பார்வைதான். கூலிக்குப் போய், பிள்ளையைப் படிக்க வைத்து, நேரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களும் அங்கேதான் இருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது. நானும் அவளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சட்டென்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். ரிஷிவந்தியத்துக்காரி, நல்ல கனமான உடம்பு.

காலையில் கை கழுவுவது. கையுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருவுவது. தீயணைக்கும் சிலிண்டரைப் பிடிப்பது. சிலிண்டரை என் கையில் கொடுத்தபோது, அது வெடித்துவிடும் என்று முன்வரிசையே எழுந்து ஓடியது. அப்புறம் ஆளைத் தூக்குவது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் கரும்பு வெட்டினவள், கட்டுக் கட்டாகத் தூக்கி லாரியில் ஏற்றினவள். வேறெப்படித் தூக்குவார்கள்?

"நீங்க வந்து காட்டுங்கக்கா" என்றாள் நர்ஸ். போனேன். அந்த ரிஷிவந்தியத்துக்காரியையே படுக்க வைத்து, கீழே போர்வையை விரித்து, கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே இழுப்பில் நகர்த்தினேன். மண்டபமே கை தட்டியது. "நான் அரை மணி நேரம் சொல்ல இருந்ததை அக்கா ஒரு நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டாங்க" என்றாள் நர்ஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பிலேயே மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. அடுத்து, சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பது. "படுக்கையில் இருக்கிறவங்களுக்கு எப்படித் தண்ணி கொடுப்பீங்க? யார் காட்டுறீங்க?" என்று நர்ஸ் வாயை மூடுவதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

ரிஷிவந்தியத்துக்காரி மறுபடியும் நோயாளி. தலையைச் சாய்த்தேன், தாடையைத் தாங்கினேன், ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன். கழுத்தில் ஒரு சொட்டு இல்லை, புடவையில் ஒரு சொட்டு இல்லை. மறுபடியும் கை தட்டினார்கள். நர்ஸ் மட்டும் தட்டவில்லை.

"அக்கா, நீங்க உக்காருங்க" என்று என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். "கூரையைப் பாருங்க. தலையை இறக்காம ஒரு வாய் முழுங்குங்க." முழுங்கினேன். தொண்டை இழுத்துப் பிடித்தது. "இப்போ தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, கீழே பாத்து முழுங்குங்க." வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"நமக்குத் தொண்டையில காவக்காரன் இருக்கான். தண்ணி வந்தா மூச்சுக்குழாயை மூடிடுவான். அதனால அண்ணாந்து குடிச்சாலும் ஒண்ணும் ஆகறதில்ல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள். "பக்கவாதம் வந்தவங்களுக்கு அவன் அசந்துடுவான். தலையைச் சாய்ச்சு ஊத்தினா தண்ணி நேரா நெஞ்சுக்குப் போகலாம். புரையேறும். திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல் வரும்."

டம்ளர் கையிலேயே இருந்தது. நாலு மாதம், ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு, எத்தனை தடவை உச்சந்தலையில் தட்டினேன்! கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"சிஸ்டர், எங்க இல்லத்துல ஒருத்தருக்கு ரெண்டு தடவ சளிக் காய்ச்சல் வந்துச்சு. நாந்தான் தண்ணி குடுக்கிறேன். இப்ப காட்னேனே, அதே மாதிரிதான். அப்ப காய்ச்சல வர வெச்சது நாந்தானா?"

அவள் மழுப்பவில்லை. "இருக்கலாம்கா. அதுதான்னு நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "உங்கள்ல எத்தனை பேர் இப்படிக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

முதலில் ஒரு கையும் எழவில்லை. அப்புறம் ரிஷிவந்தியத்துக்காரி கையைத் தூக்கினாள். அடுத்து அவளுக்குப் பின்னால் ஒன்று. கடைசியில், அந்த நாலு ஆண்களும் உட்பட, கை தூக்காதவர்கள் யாரும் இல்லை. சுத்தமாக இருக்க வேண்டும், யாருடைய எச்சிலும் யாருக்கும் போகக் கூடாது என்று நினைத்து, அத்தனை பேரும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லத்தில் இது டிரைவரய்யாவுக்குத் தண்ணீர் கொடுக்கிற நேரம். என் இடத்தில் இருப்பது எங்களோடு வேலை செய்கிற ஒரு பெண், அடுத்த வாரம்தான் அவளுக்குப் பயிற்சி. அவளுக்கு ஊற்றக் கற்றுக் கொடுத்தவளும் நான்தான். செல்லை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அய்யாவுக்குத் தண்ணி குடுத்துட்டியா?"

"இப்பதான்கா சொம்ப எடுத்தேன்."

"கீழ வை."

"இன்னாக்கா?"

"சொம்ப கீழ வைடீ! அவர நல்லா நிமுத்தி உக்கார வை. தலையச் சாய்க்காத. ஸ்பூன்ல கொஞ்சமா எடு, தலய குனிய வெச்சிக் குடு. முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு அப்பறம் அடுத்த ஸ்பூன்."

"நீதானக்கா அண்ணாத்தி ஊத்தச் சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். நாந்தான் இப்ப வேணாங்கிறேன்."

உள்ளே திரும்பி வந்தபோது ரிஷிவந்தியத்துக்காரி என் நாற்காலியில் என் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கூட்டு மாமியாருக்கும் நான் அப்டிதான்கா ஊத்திக்கினு இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். கருணாபுரமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் இல்லத்துக்குப் போனேன். டிரைவரய்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன்.

"மவ நெனைக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க அய்யா. தண்ணி தப்பான வழில போயிருக்குது. ஊத்தினது நானு. உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே என்னாலதான் போல."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் இடது கையைத் தூக்கி, ஸ்டியரிங்கைச் சுற்றுகிற மாதிரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். "திருப்பு" என்றார் குழறலாக. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவப் போகிறவள் மாதிரி குழாயடிக்குப் போய்விட்டேன்.

ஆனால் திருப்புவது அத்தனை சுலபமாக இல்லை. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டார். நாலு பேர் குடிக்கிற டம்ளரில் வாய் வைப்பதா? எத்தனை டீக்கடைகளில் டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்ட மனுஷர்! நான் கழுவிக் காட்டினேன், கெஞ்சினேன். அசையவில்லை. ஸ்பூன் என்றால் நாலு வாய்க்கு மேல் பொறுமை இல்லை, தள்ளிவிடுவார். இப்படியே விட்டால் தண்ணீர் போதாமல் வேறு ஏதாவது வந்துவிடும்.

மறுநாள் பரீட்சை. எழுதத் தெரியாதவர்களுக்கு வாயால் கேள்வி. எனக்கு எழுதத் தெரியும், எட்டாவது வரை படித்தவள். ஒரு கேள்விக்குக்கூட இடம் விடவில்லை. பாஸான சர்டிபிகேட் தாளைக் கொடுக்கும்போது நர்ஸ், "நேத்து நீங்க கேட்ட கேள்வியை இனிமே போற எடத்துலயெல்லாம் சொல்லுவேன்கா" என்றாள். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும்படி செய்த காரியங்கள் அதிகம் இல்லை. அத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டது அவற்றில் ஒன்று. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

தாளை வாங்கிக்கொண்டு நேராகக் கடைத்தெருவில் பாயோட பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன். அகல வாய், ஓரம் மழமழவென்று.

"பேரு வெட்டணும் பாய்."

"இன்னா பேரும்மா?"

"டிரைவர்னு வெட்டுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு சின்ன பஸ்ஸும் வெட்டிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

டம்ளரை டிரைவரய்யா மடியில் வைத்தேன். "இது உங்களுது. வேற யாரும் இதத் தொட மாட்டாங்க. இதுல வாய் வெச்சிக் குடிச்சா தப்பில்லிங்க." விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். பஸ்ஸைக் கண்டுபிடித்ததும் அவருக்குப் பாதி வாய் சிரித்தது, மீதிப் பாதிக்குச் சிரிக்க முடியாது. அப்புறம் உதட்டைத் திறந்தார்.

பழைய பழக்கம் விடவில்லை. தண்ணீர் வாய்க்குள் போனதும் தலை தானாக மேலே போகும். "அய்யா, எறக்கத்துல ஓட்டும்போது ஆகாசத்தயா பாப்பீங்க? ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க" என்பேன். தலை இறங்கும். ஒரு வாய் போனதும் "ஹோல்டான்!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பேன். நின்று, முழுங்கி, மூச்சு விட்டு, "ஆ" என்று சொல்லிக் காட்டுவார். குரலில் தண்ணீர் தங்கிய கரகரப்பு இல்லை என்று தெரிந்தால் "ரைட்!" அடுத்த வாய். பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எங்களுக்கும் டம்ளர் வேண்டும் என்று கேட்டார்கள். இன்று எங்கள் இல்லத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் இருக்கிறது. டீச்சர், பூக்காரம்மா, தறிக்காரர் என்று ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கிறது. தண்ணீரில் ஒருவருக்குப் புரையேறினால் கேழ்வரகுக் கூழைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நான்தான்.

முதல் வாரத்தில் ஒரு நாள் டிரைவரய்யா இருமினார். மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வந்த சூட்டில் நான் "ஹோல்டான்" சொல்ல மறந்திருந்தேன். உயிரே போய்விட்டது எனக்கு. அன்றும் மறுநாளும் தெர்மாமீட்டரும் கையுமாக அவரைச் சுற்றி வந்தேன். காய்ச்சல் வரவில்லை. அதிலிருந்து யாரோடு சண்டை என்றாலும் தண்ணீர் கொடுத்து முடித்த பிறகுதான்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் பார்க்க வந்தார். அன்று மகளும் மலையிலிருந்து வந்திருந்தது. டாக்டர் முதுகில் குழலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெகுநேரம் கேட்டார். டிரைவரய்யாவின் கை என் மணிக்கட்டில் இருந்தது, அன்று பிடித்த அதே பிடி.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. குழாயெல்லாம் தேவையில்ல" என்றார் டாக்டர். "என்ன பண்ணீங்க?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "எல்லாருக்கும் பயிற்சி குடுத்திருக்கோம் சார்."

"நான் தப்பா தண்ணி குடுத்தேன் சார். அதுல தெரிஞ்சிக்கினு நானே சரி பண்ணேன்" என்றேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது என்னுடையது. பாதியை மறைத்துவிட்டு மீதிக்குப் பேர் வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மகள் என் பக்கம் திரும்பியது. சத்தம் போடும் என்றுதான் நினைத்தேன். நான் மட்டும் அதன் இடத்தில் இருந்தால் இல்லத்தையே ரெண்டு பண்ணியிருப்பேன்.

"அப்பாவுக்கு நான் குடுக்கலாமாக்கா?" என்று கேட்டது. "எப்டின்னு காட்டுங்க."

டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி அதன் கையில் கொடுத்தேன். உதட்டில் எப்படி வைப்பது, எவ்வளவு சாய்ப்பது என்று காட்டினேன். டிரைவரய்யா நாங்கள் சொல்லாமலே தலையை இறக்கிக்கொண்டார். ஒரு வாய் போனது. "ஹோல்டான்" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முழுங்கினார். "ரைட்" சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார் அவரே.

டம்ளர் காலியாகும்வரை மகள் கொடுத்தது. அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.